தொடாமல் அறிதல்: அகச்சிவப்பு ஒளியும் பரப்பில் படிந்த நஞ்சும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் அதிகாலை. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கே.எல்.ஐ.ஏ. 2 முனையத்தில், பாதுகாப்பு உடையணிந்த வல்லுநர் குழு ஒன்று புறப்பாட்டுக் கூடத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்தது. அதற்குப் பதின்மூன்று நாள் முன்னர், பிப்ரவரி 13ஆம் நாள் காலையில், வடகொரியத் தலைவரின் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனான கிம் ஜோங் நாமின் முகத்தில் அங்கே ஒரு திரவம் பூசப்பட்டது. மருத்துவமனையைச் சென்றடையும் முன்பே அவர் உயிர் பிரிந்தது. பூசப்பட்டது வி.எக்ஸ் என்னும் நரம்பு நஞ்சு என மலேசிய அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர். இடைப்பட்ட நாள்களில் எத்தனையோ ஆயிரம் பயணிகள் அக்கூடத்தைக் கடந்து சென்றிருந்தனர். அவர்கள் கைப்பிடிகளைப் பற்றியிருப்பர். பதிவு இயந்திரங்களின் திரைகளைத் தொட்டிருப்பர். குழந்தைகள் தரையில் அமர்ந்தும் இருந்திருப்பர். சோதனையின் முடிவில், தீங்கு விளைக்கும் பொருள் எதுவும் இல்லை என்ற அறிவிப்பு வந்தது.

அவ்வறிவிப்பு அனைவர்க்கும் ஆறுதல் தந்தது. எனினும், ஓர் இடத்தில் ஒரு பொருள் 'இல்லை' என்று சொல்வது, 'இருக்கிறது' என்று சொல்வதைக் காட்டிலும் எவ்வளவு அரிது என்பதை ஆய்வுக்கூடத்தில் சிறிது காலமேனும் பழகியவர் அறிவர். வி.எக்ஸ் எளிதில் ஆவியாகாத, எண்ணெய் போன்ற திரவம். ஆகவே, காற்றை முகர்ந்து நஞ்சறியும் கருவிகளுக்கு அது எளிதில் புலப்படாது. பஞ்சினாலோ துணியினாலோ பரப்பைத் துடைத்தெடுத்துச் சோதிக்கலாம். துடைத்த இடத்தைப் பற்றி மட்டுமே அச்சோதனை பேசும். துடைக்காத இடம் மௌனமாகவே இருக்கும். மேலும், துடைக்கும் கை நஞ்சின் அருகே செல்லவேண்டும்.

இவ்விடரிலிருந்து ஒரு கனவு பிறந்தது. எட்ட நின்று ஓர் ஒளியைப் பரப்பின்மீது வீசி, மீண்டு வரும் ஒளியைக் கொண்டே, எந்தப் பொருள் எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்று படமாகக் கண்டுவிட முடியுமா? அகச்சிவப்பு லேசர் படிமமாக்கல் என்று இன்று நாம் அழைக்கும் துறை அக்கனவின் பெயர். அதன் வரலாற்றைப் பொதுவாகக் கருவிகளின் வரலாறாகவே சொல்வர்: முதலில் வெப்பமானி, இடையில் நிறமாலைமானி, இறுதியில் லேசர். அச்சொல்முறை முழுமையானதன்று என்பது என் எண்ணம். கருவி கேள்வியைக் கேட்கும். வந்த விடையைப் பொருள்கொள்ள ஓர் அகராதி வேண்டும். அவ்வகராதியைத் தொகுத்தவர்களின் கதையே இதன் முதுகெலும்பு. கருவிகள் பலமுறை அகராதியை முந்திச் சென்றுள்ளன. அப்போதெல்லாம் அவை தாம் கண்டதை வாசிக்கத் தெரியாமல் நின்றிருக்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு சொல். செந்நிறத்துக்கு அப்பால் உள்ள கண்ணுக்குப் புலனாகாத ஒளியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் நாமும் 'அகச்சிவப்பு' என்கிறோம். இலங்கைத் தமிழர் 'செங்கீழ்க்கதிர்' என்பர். மூலச்சொல்லின் முன்னொட்டு 'கீழ்' என்ற பொருளுடையது. ஆதலின் இலங்கைச் சொல்லே மூலத்துக்கு நெருக்கமானது. ஆயினும் வழக்கு வலியது. இக்கட்டுரை அகச்சிவப்பு என்றே வழங்கும்.

இவ்வொளியைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஹனோவரில் 1738இல் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இசைக் கலைஞர். 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டு புகழ்பெற்ற வானியலாளர். 1800ஆம் ஆண்டில் அவருடைய கவலை எளியது. தொலைநோக்கி வழியே கதிரவனைப் பார்க்கும்போது கண்ணைக் காக்கப் பல நிறக் கண்ணாடிகளை அவர் பயன்படுத்தினார். சில கண்ணாடிகள் ஒளியை நன்றாகத் தடுத்தும் வெப்பத்தை உள்ளே விட்டன. வேறு சிலவற்றில் ஒளி மிகுதி, வெப்பம் குறைவு. அப்படியாயின் நிறங்கள் எல்லாம் ஒரே அளவாகச் சூடேற்றுவதில்லையோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது.

முப்பட்டகத்தின் வழியே கதிரவன் ஒளியைப் பிரித்து, கரிபூசிய குமிழுடைய வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு வெப்பமானிகளை நிறப்பட்டைக்கு வெளியே வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் மிகுந்தது. சிவப்பைக் கடந்து, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்தபோதும் அது குறையவில்லை, மேலும் ஏறியது. ஒப்பீட்டு வெப்பமானிகளை எங்கே வைப்பது என்று எண்ணிச் செய்த ஆய்வு இது; பலர் சொல்வதுபோல் தற்செயலாக நேர்ந்த கண்டுபிடிப்பு என்று இதனைச் சொல்லிவிட முடியாது. ஆனால், அவர் கண்டதை அவரே முழுமையாக நம்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒளியும் இவ்வெப்பக் கதிரும் ஒன்றே என்று ஆண்டின் தொடக்கத்தில் கருதியவர், அவ்வாண்டிலேயே வெளியிட்ட பிந்திய கட்டுரையில் இரண்டும் வேறு என்ற முடிவுக்குச் சென்றுவிட்டார். 'அகச்சிவப்பு' என்ற பொருளுடைய சொல் எதையும் அவர் வழங்கவும் இல்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளில் வெப்பமானியைவிடக் கூரிய கருவிகள் வந்தன. இத்தாலியரான மெல்லோனி, வெப்பமின்னடுக்கு என்னும் கருவியைக் கொண்டு, கண்ணாடி தடுத்து நிறுத்தும் இக்கதிர்களைப் பாறையுப்பு தடையின்றி விடுகிறது என்று காட்டினார். சிறு செய்திபோல் தோன்றும். ஆனால் அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அகச்சிவப்பு ஆய்வாளர்களின் பட்டகங்களும் சாளரங்களும் உப்பால் ஆனவையாகவே இருந்தன. ஈரக்காற்றில் உப்பு கசியும், மங்கும். நம் நாட்டுக் காற்றில் அத்தகைய சாளரங்களைக் காத்து வைத்திருக்க முயன்ற ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆப்னியும் ஃபெஸ்டிங்கும், தாமே உருவாக்கிய ஒளிப்படத் தகட்டில், சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திரவங்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தனர். மூலக்கூறில் அணுக்கள் தொகுதிகளாக இணைந்துள்ள முறைக்கும், அது எந்த அலைநீளத்தை விழுங்குகிறது என்பதற்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து அப்போதே முளைத்தது. ஆயினும் அவர்கள் எட்டியது வாசற்படியை மட்டுமே. மூலக்கூறுகள் தம் பெயரைச் சொல்லும் பகுதி இன்னும் தொலைவில், ஏறத்தாழ 2.5 முதல் 15 மைக்ரான் வரையுள்ள அலைநீளங்களில் இருந்தது.

அப்பகுதிக்குள் துணிந்து சென்று அகராதியைத் தொடங்கியவர் வில்லியம் வெபர் கோப்ளன்ட்ஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1873இல் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1903இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பணியாற்றிய முறையை மாணவர்கள் தம் மனக்கண்ணில் காணவேண்டும். உப்புப் பட்டகத்தைச் சிறிது திருப்பி ஓர் அலைநீளத்தைத் தேர்ந்துகொள்வார். ஆய்வுப் பொருளை ஒளியின் பாதையில் வைத்து ஓர் அளவு. விலக்கி ஓர் அளவு. இழையில் தொங்கும் மெல்லிய உணர்கருவி எவ்வளவு திரும்புகிறது என்பதே அளவு. குறித்துக்கொண்டபின் பட்டகத்தை மீண்டும் சிறிது திருப்பவேண்டும். ஒரு பொருளின் நிறமாலை முழுதும் கிடைக்கப் பல மணி நேரம் ஆகும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக அளந்து, 1905ஆம் ஆண்டு கார்னகி நிறுவனத்தின் வழியே வெளியிட்டார்.

அந்நூல் பெரும்பாலும் வளைகோடுகளும் அட்டவணைகளுமே. புரட்டிப் பார்ப்பவர்க்குச் சலிப்புத் தரலாம். ஆனால் அவ்வளைகோடுகளை அடுத்தடுத்து வைத்தபோது, ஒரே அணுத்தொகுதி எந்தச் சேர்மத்தில் அமைந்தாலும் ஏறத்தாழ அதே இடத்தில் ஒளியை விழுங்குவது தெரிந்தது. படிகத்தில் நீராகவே தங்கியிருக்கும் நீரையும், ஐட்ராக்சில் தொகுதியாக மாறி அமைந்திருப்பதையும் நிறமாலையைக் கொண்டு பிரித்துக் காட்டினார். ஒரு மொழியின் எழுத்துகளை ஒருவர் முதன்முறையாக இனங்கண்டுகொள்வதற்கு ஒப்பானது இது. வேதியியலாளர் பலர் அடுத்த முப்பது ஆண்டுகள் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் இயலாது. இயற்பியலில் தேர்ந்த ஒருவர் தாமே ஒரு கருவியைக் கட்டி, ஒரு நாள் முழுதும் இருளறையில் அமர்ந்தால்தான் ஒரு விடை கிடைக்கும் என்றால், யார்தாம் கேட்கப் போவார்?

அந்நிலையை மாற்றியது ஒரு போர். இன்னும் குறிப்பாகச் சொன்னால், மலாயாவின் வீழ்ச்சி.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் கைமாறியதும், அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. டயர் இல்லாமல் போர் இல்லை. ஆகவே செயற்கை ரப்பர் செய்யும் மாபெரும் திட்டத்தை அமெரிக்க அரசு முடுக்கிவிட்டது. அதற்கு வேண்டிய தலையாய மூலப்பொருள் பியூட்டாடையீன். அது பெட்ரோலியத்திலிருந்து தனித்து வராது. தன்னை ஒத்த, கொதிநிலையாலும் நெருங்கிய வேறு ஐதரோகார்பன்களோடு கலந்தே வரும். காய்ச்சி வடித்துப் பிரித்தறிவதற்கு நேரம் மிகவும் பிடிக்கும். அதற்குள் ஆலையில் அடுத்த கலவை ஆயத்தமாகிவிடும்.

அகச்சிவப்பு ஒளிக்கோ அவ்வுறவினர்களைப் பிரித்தறிவது எளிது. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் ஒளியை விழுங்கும். ஷெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் பிராட்டன் முதலியோர் வடிவமைத்த நிறமாலைமானியை, அரசின் வேண்டுகோளின்படி அர்னால்டு பெக்மனின் நிறுவனம் 1942 முதல் செய்து அளித்தது. திட்டம் போர்க்கால இரகசியமாதலால் அக்கருவியைப் பற்றி வெளியே பேச முடியவில்லை. 1944இல் பெர்க்கின் எல்மர் நிறுவனமும் ஒரு கருவியை வெளியிட்டது. போர் முடிவுற்ற காலத்தில் அமெரிக்கா ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் செயற்கை ரப்பர் செய்தது. அகச்சிவப்பு நிறமாலைமானி ஆய்வாளரின் இருளறையை விட்டு ஆலையின் மேசைக்கு வந்துவிட்டது.

பால்மரம் சீவிய நம் முன்னோர் இக்கதையில் எங்கே இருக்கிறார்கள் என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். அவர்கள் சீவிய பால் கப்பலேறாமல் நின்றதே இக்கருவி ஆலைக்குள் நுழையக் காரணம். அதே ஆண்டுகளில் அத்தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மீளாதோர் பலர். அறிவியல் வரலாற்று நூல்கள் பெக்மனின் கருவியைப் பற்றிச் சொல்லும்போது 'இயற்கை ரப்பர் வரத்து தடைப்பட்டது' என்று ஒரு வரியில் கடந்து செல்லும். இங்கு வாழும் நாம் அவ்வரியை அவ்வளவு விரைவாகக் கடக்க இயலாது.

போருக்குப் பிந்திய வளர்ச்சியை விரித்துரைக்கத் தேவையில்லை. 1950களில் ஒவ்வொரு வேதியியல் துறையிலும் நிறமாலைமானி இடம்பெற்றது. 1960களின் இறுதியில், எல்லா அலைநீளங்களையும் ஒருசேர அளந்து கணினியால் பிரித்தறியும் ஃபூரியே முறைக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. கோப்ளன்ட்ஸ் தொடங்கிய அகராதி பல்லாயிரம் பதிவுகளாக விரிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை மாறவே இல்லை. பொருளைக் கருவியிடம் கொண்டுவர வேண்டும். தூய்மை செய்து, அரைத்து, உப்பில் கலந்து வில்லையாக்கி, அல்லது இரு சாளரங்களுக்கிடையே திரவமாக அடைத்து வைக்கவேண்டும். கருவி பொருளைத் தேடிச் செல்லவில்லை.

அத்தேவையை உலகுக்கு உணர்த்தியது 1988 டிசம்பர் 21ஆம் நாள். அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே பான் ஆம் 103 விமானம் வெடித்துச் சிதறி, விமானத்திலும் தரையிலுமாக 270 பேர் மாண்டனர். பயணப்பெட்டியில் மறைத்து வைக்கப்பட்ட சிறிதளவு பிளாஸ்டிக் வெடிமருந்து அதற்குப் போதுமானதாக இருந்தது. அத்தகைய வெடிமருந்துகள் மிகக் குறைவாகவே ஆவியாகும். ஆனால் கையில் ஒட்டும். அதைப் பிசைந்தவர் பின்னர் தொடும் பெட்டி, கதவு, கைப்பிடி எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுச் செல்வார். இன்று விமான நிலையங்களில் நம் கைகளையும் மடிக்கணினியையும் ஒரு சிறு துணியால் துடைத்துக் கருவிக்குள் இடுவதன் பின்னணி இதுவே. பயனுள்ள முறைதான், ஆனால் அதுவும் தொட்டறியும் முறை. ஒரு வாகனத்தையோ ஒரு கூடத்தையோ அம்முறையில் முழுவதும் சோதிப்பது இயலாத செயல்.

எட்ட நின்று அறிய வேண்டுமாயின், செறிந்த, ஒழுங்கான, வேண்டிய அலைநீளத்துக்கு மாற்றிக்கொள்ளத்தக்க அகச்சிவப்பு ஒளி வேண்டும். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். சீரொளி என்று தமிழில் நாம் சொல்லும் அது சிவப்பு நிற ஒளி. மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964இல் கார்பன் டையாக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் ஒளி 10.6 மைக்ரானில், மூலக்கூறுகள் பேசும் பகுதியின் நடுவிலேயே அமைந்தது. ஆனால் அது 9 முதல் 11 மைக்ரானுக்குள் இயற்கை வரையறுத்த சில கோடுகளில் மட்டுமே ஒளிரும். ஓர் உரையாடலில் நான்கைந்து சொற்களை மட்டும் பேச அனுமதிக்கப்பட்டவர் நிலை அதற்கு. காற்றிலுள்ள வாயுக்களை அளப்பதற்கு அது பயன்பட்டது. பரப்பில் படிந்த ஆயிரம் வகைப் பொருள்களைப் பிரித்தறியப் போதவில்லை.

இத்தடையை உடைத்த எண்ணம் 1971இல் லெனின்கிராடில் தோன்றியது. கசாரினோவ், சுரிஸ் என்னும் இரு சோவியத் அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். சாதாரணக் குறைகடத்தி லேசரில் ஒளியின் அலைநீளத்தை முடிவுசெய்வது அதன் பொருள். இயற்கை தந்ததைத்தான் பெறமுடியும். ஆனால் சில நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அவற்றினுள் எலக்ட்ரான் நிற்கக்கூடிய ஆற்றல் படிகளை நாமே வகுக்கலாம். எலக்ட்ரான் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு விழும்போது ஒளி பிறக்கும். படியின் உயரத்தை முடிவுசெய்வது படலத்தின் தடிமன். நல்ல எண்ணம், ஆனால் அணு அணுவாகப் படலம் வளர்க்கும் திறன் அன்று கைகூடவில்லை.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1994இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபெடரிகோ கபாசோவின் குழு அதைச் செய்து காட்டியது. கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜெரோம் ஃபைஸ்ட். படலம் வளர்க்கும் நுட்பத்தின் முன்னோடியான ஆல்ஃபிரட் சோவும், அப்படலங்களைத் தம் கையால் வளர்த்த டெபோரா சிவ்கோவும் அக்குழுவினர். எலக்ட்ரான் படிதோறும் விழுந்து படிதோறும் ஒளி தருவதால் இதற்கு அருவியின் பெயரை இட்டனர். தமிழில் 'குவாண்டம் அருவி லேசர்' எனலாம். முதற்கருவி கடுங்குளிரில் மட்டுமே இயங்கியது. 2002இல் சுவிட்சர்லாந்தின் நௌஷாட்டல் குழுவினர் அறை வெப்பநிலையில் இடைவிடாமல் ஒளிரச் செய்தனர். அதன்பின் தீப்பெட்டியினும் சிறிய ஒரு சில்லு, நுண் ஆடிகளின் துணையோடு அலைநீளம் மாற்றி மாற்றிப் பேசக் கற்றுக்கொண்டது.

இவ்வொளியைப் பயன்படுத்த இரு வழிகள் உருவாயின. முதல் வழியில், லேசரின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, பரப்பு முழுவதன் மீதும் வீசி, ஒவ்வோர் அலைநீளத்திலும் சிதறி மீளும் ஒளியை அகச்சிவப்புப் படக்கருவியால் பதிவு செய்வர். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரிலுள்ள ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் இவ்வழியில் வெடிமருந்துத் துகள்களைத் தேடியது. வெடிமருந்துகள் பலவற்றில் உள்ள நைட்ரோ தொகுதி, 6.4, 7.4 மைக்ரான் அளவில் ஒளியை வலுவாக விழுங்குவது இத்தேடலுக்கு உதவுகிறது. நரம்பு நஞ்சுகளின் பாஸ்பரஸ் பிணைப்புகள் 8 முதல் 10 மைக்ரான் வரையுள்ள பகுதியில் பேசும். காற்றின் நீராவி ஒளியை மறிக்காத சாளரமும் அங்கேயே இருப்பது நல்வாய்ப்பு.

இரண்டாவது வழியை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர் 2008இல் வெளியிட்டனர். லேசரைப் பரப்பில் வீசும்போது, அந்த அலைநீளத்தை விழுங்கும் துகள் மட்டும் தன் சுற்றத்தைவிட மிகச் சிறிதளவு சூடாகும். அச்சிறு சூட்டை வெப்பப் படக்கருவி காணும். அலைநீளத்தை மாற்றுங்கள்; எந்த அலைநீளத்தில் எந்தத் துகள் சூடாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்; அதுவே அத்துகளின் நிறமாலை. கரிபூசிய குமிழோடு ஹெர்ஷல் ஒவ்வொரு நிறமாகக் கேட்ட அதே கேள்வியைத்தான், 208 ஆண்டுகளுக்குப் பின் இக்கருவியும் கேட்டது. வெப்பமானியின் இடத்தில் இப்போது இருப்பது நஞ்சோ வெடிமருந்தோ ஆன துகளே.

படக்கருவி 128க்கு 128 புள்ளிகள் கொண்ட சிறியதாயினும் ஒரே படத்தில் 16,384 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறமாலை. கோப்ளன்ட்ஸ் பல மணி நேரம் உழைத்துப் பெற்றதை இக்கருவி விநாடிகளில் பல்லாயிரமாகக் குவிக்கிறது. இனி அகராதியைத் திறந்து ஒப்பிட வேண்டியதுதானே? இங்கேதான் கருவி மீண்டும் அகராதியை முந்திவிட்டது.

தமிழாசிரியர்க்கு இதனை விளக்குவது எளிது. அகராதியில் 'மரம்' என்றும் 'பொன்' என்றும் சொற்கள் தனித்து நிற்கின்றன. தொடரில் அவை மரவேர் என்றும் பொற்குடம் என்றும் வருகின்றன. ஓரிடத்தில் எழுத்துக் கெடுகிறது, ஓரிடத்தில் திரிகிறது, வாழைப்பழத்தில் புதிதாய் ஓரெழுத்துத் தோன்றுகிறது. புணர்ச்சி அறியாதவன் அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடரைப் படித்தால் 'பொற்' என்ற சொல்லைத் தேடிக் களைப்பான்.

பரப்பில் படிந்த பொருளுக்கும் இதுவே நிலை. அகராதி நிறமாலைகள் தூய பொருளை ஒளி ஊடுருவிச் சென்றபோது எடுத்தவை. பளபளப்பான உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக அதே பொருள் இருந்தால், ஒளி இருமுறை அதனூடே சென்று மீளும். விழுங்கும் இடத்தில் பள்ளம் தெரியும். தடித்த துளியாக இருந்தால், வலுவாக விழுங்கும் இடத்தில் துளியின் மேற்பரப்பே ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் மேடு தோன்றும். சில மைக்ரான் அளவுள்ள துகள்களாயின், துகளின் அளவும் ஒளியின் அலைநீளமும் ஒத்திருப்பதால் வளைகோடு வேறு வகையாகத் திரியும். பரப்பு வண்ணம் பூசிய மரமாகவோ நெகிழியாகவோ இருந்தால் அதுவும் தன் குரலை இடையே எழுப்பும். போதாக்குறைக்கு லேசரின் ஒழுங்கே அதன் குறையும் ஆகிறது: சொரசொரப்பான பரப்பில் சிதறும் சீரொளி தனக்குள் கூடியும் கழிந்தும் படமெங்கும் புள்ளிப் புள்ளியாய் இரைச்சலைத் தூவுகிறது.

அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வுத் திட்ட முகமை 2010களின் நடுப்பகுதியில் இத்துறைக்கென ஒரு திட்டம் தொடங்கியது. 30 மீட்டர் தொலைவிலிருந்து, அருகிலுள்ளோர் கண்ணுக்குத் தெரியாத, கண்ணைக் கெடுக்காத லேசரால், பரப்பில் உள்ள நுண்ணிய எச்சத்தை இனங்காணவேண்டும் என்பது அதன் இலக்கு. டோல்கீனின் கதையில் வரும் ஒளிமணிகளின் பெயரை நினைவூட்டுமாறு அதற்குச் சில்மரில்ஸ் என்று பெயரிட்டனர். பெயர் சூட்டியவரின் நகைச்சுவையைப் பாராட்டலாம். இலக்கின் கடுமையையும் உணரவேண்டும்.

பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் புள்ளிகளில் ஒன்றில் மட்டும் கருவி தவறாக 'நஞ்சு' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தேர்வில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் பெற்றதற்கு ஒப்பானது அது. ஆயினும் 16,384 புள்ளிகளில் ஏறத்தாழ 16 பொய்ப்புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விமான முனையத்தை மூடிக்கொண்டிருக்க முடியாது. அஞ்சி, கருவியின் செவியைச் சற்று மந்தமாக்கினால், உண்மையான துளி தப்பிவிடும்.

தப்பியதன் விலையை இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரம் அறியும். 2018 மார்ச் 4ஆம் நாள் அங்கே முன்னாள் ருசிய உளவாளி ஒருவரும் அவருடைய மகளும் நரம்பு நஞ்சால் வீழ்ந்தனர். நஞ்சு அவர்களுடைய வீட்டு வாசற்கதவின் கைப்பிடியில் பூசப்பட்டிருந்தது. அவ்விடம் எது என்று உறுதியாகத் தெரியவே நாள்கள் பல சென்றன. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, அண்மை ஊரில், அதே நஞ்சு அடங்கிய, வாசனைத் தைலப் புட்டியாகத் தோன்றிய ஒன்று இதனோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு பெண்மணியின் உயிரைப் பறித்தது. மூடிய புட்டிக்குள் இருப்பதை இவ்வொளி காணாது. பரப்பில் உள்ளதை மட்டுமே காணும். நகரின் பல இடங்களைத் துப்புரவு செய்து முடிக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அவ்வேலையில் பெரும்பகுதி, மாதிரி எடுப்பதும் சோதிப்பதும் மீண்டும் மாதிரி எடுப்பதும்தான்; கையுறை அணிந்த கைகள் செய்த வேலை.

இன்றும் துணியால் துடைக்கும் முறையே நடைமுறையில் முதன்மையானது. அகச்சிவப்பு லேசர் படிமம், எங்கே துடைக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டும் துணையாக வளர்ந்து வருகிறது. அது துடைப்பவரின் இடத்தை விரைவில் முழுவதும் எடுத்துக்கொள்ளும் என்று விற்பனையாளர் சிலர் பேசுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

என் நம்பிக்கைக்கு உரிய வேலை வேறோர் இடத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் அலைநீளத்திலும் ஒளியை எவ்வளவு வளைக்கிறது, எவ்வளவு விழுங்குகிறது என்ற இரண்டு எண்களையும் துல்லியமாக அளக்கிறார்கள். அவ்விரு எண்கள் தெரிந்தால், அப்பொருள் மெல்லிய படலமாக இருந்தாலும் தடித்த துளியாக இருந்தாலும், உலோகத்தின் மேலோ கண்ணாடியின் மேலோ இருந்தாலும், அதன் நிறமாலை எப்படித் திரியும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு புணர்ச்சி வடிவத்தையும் அகராதியில் ஏற்றுவதற்கு மாறாகப் பகுதியையும் விதியையும் எழுதிவைக்கும் முயற்சி இது. துகள்களுக்கு அவ்விதி இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. திரவங்களுக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது: ஒரு திரவத்தை எடுத்து, வெவ்வேறு தடிமனுள்ள கலங்களில் மாற்றி மாற்றி நிரப்பி, ஒவ்வொன்றிலும் அளந்து, கலத்தைக் கழுவி, உலர்த்தி, அடுத்த திரவத்தைத் தொடங்குகிறார்கள்.